சின்ன சிஎன்சி: பெட்டி பிரிப்பதிலிருந்து கேரம் காய்த் தட்டு வரை

கணினி தரும் கட்டளைப்படி மரத்தைச் செதுக்கி வெட்டும் மெஷின்தான் சிஎன்சி. அதில் நான் முதன்முதலில் ஓட்டிய வேலை பதினோராவது நிமிடத்தில் நின்றது. பலகையைப் பிடித்திருந்த கிளாம்ப் மேல் ஸ்பிண்டில், அதாவது பிட்டைச் சுற்றும் மோட்டார் தலை, போய் முட்டியது. மோட்டார் கடகடவென்று உறுமியது, வெட்டும் பிட் உடைந்து எங்கோ தெறித்தது. கணினித் திரையில் மட்டும் ஒரு குறையும் இல்லை. கோடு அழகாக நகர்ந்துகொண்டிருந்தது. சத்தம் கேட்டு வந்தார், எங்கள் தெருமுனையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன். பார்த்துவிட்டு, "இதுக்குக் கண்ணு இல்ல தம்பி. நீ இன்னா சொல்றியோ அதான் அதுக்குத் தெரியும்" என்றார்.

அதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. ஸ்டெப்பர் மோட்டார் (அடி அடியாகச் சுற்றும் மோட்டார்) வைத்த சின்ன சிஎன்சியிடம் நூறு மில்லிமீட்டர் போகச் சொன்னால், அதற்குரிய மின் துடிப்புகளை எண்ணி மோட்டாருக்கு அனுப்பிவிட்டு, போய்ச் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். நடுவில் தடுக்கியதா, ஸ்க்ரூ ஆடியதா, மரம் நகர்ந்ததா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒரு மில்லிமீட்டர் என்றால் எத்தனை துடிப்பு, பூஜ்யம் எங்கே இருக்கிறது, மரம் எவ்வளவு கனம் என்று எல்லாவற்றையும் நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும். மென்பொருள் கற்பது அதற்கு அப்புறம்.

எந்த மெஷின், எந்த மென்பொருள்

வீட்டில் வைத்துப் பழக 3018 என்ற வகை போதும். பெயரிலேயே அளவு இருக்கிறது: 30 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம். அலுமினியச் சட்டம், அச்சுகளை நகர்த்தும் டி8 ஸ்க்ரூ, 775 என்ற டிசி மோட்டாரே ஸ்பிண்டில், பிட்டைப் பிடிக்க இஆர்11 கோலெட். மரம், எம்டிஎஃப் (மரநாரைப் பசையோடு அழுத்திய பலகை), அக்ரிலிக், சர்க்யூட் போர்டு எல்லாம் செய்யலாம். அலுமினியமும் வெட்டலாம் என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஒரு பாஸுக்கு (பிட் ஒரு தடவை போய்வருவதற்கு) 0.1 மி.மீ. இறக்கி, மாலை முழுக்கக் காத்திருந்தால் வெட்டும். நான் அந்த வேலையை லேத் அண்ணனிடம் கொடுத்துவிடுவேன்.

இதற்குள் மோட்டார்களை ஓட்டும் மென்பொருள் ஜிஆர்பிஎல். 2009-இல் நார்வேக்காரர் சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் எழுதத் தொடங்கியது. பிறகு சன்னி ஜியான் எடுத்து வளர்த்தார். ஆர்டுவினோ ஊனோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் இருக்கும் அதே 32 கிலோபைட் சில்லுக்குள் மூன்று அச்சுகளின் (எக்ஸ் இடவலம், ஒய் முன்பின், இசட் மேல்கீழ்) கணக்கையும் அடக்கியிருக்கிறார்கள். திறந்த மூலம், இலவசம். ஊனோ பலகை ஒன்றும் மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் டிரைவர் பலகைகளும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கி, பழைய மெஷினுக்கு நீங்களே மூளை வைக்கவும் முடியும்.

அதற்கு மேலே மூன்று வேலைகள். படம் வரைய ஃப்ரீகேட் அல்லது இன்க்ஸ்கேப். படத்தைப் பார்த்து பிட் போகும் பாதையைக் கணக்கிட்டு ஜி-கோட் (எங்கே, எந்த வேகத்தில் நகர வேண்டும் என்ற கட்டளை வரிகள்) எழுத, ஃப்ரீகேடிலேயே இருக்கும் கேம் (சிஏஎம்) பகுதி. 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்புக்கு முன் அதன் பெயர் பாத் என்று இருந்தது. பழைய காணொளிகளில் அந்தப் பெயரைக் கேட்டால் குழம்ப வேண்டாம். எழுதிய ஜி-கோடை வரி வரியாக மெஷினுக்கு அனுப்ப யுனிவர்சல் ஜி-கோட் சென்டர் (‘அனுப்புவது’ என்ற பொருளில்). கேண்டில், பிசிஎன்சி என்று வேறு சிலவும் உண்டு. எதை எடுத்தாலும் ஆறு மாதத்துக்கு மாற்றாதீர்கள்.

லினக்ஸ்சிஎன்சி பற்றிக் கேட்பார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனத்தில் தொண்ணூறுகளில் தொடங்கிய திட்டத்தின் வாரிசு அது. நிஜப் பட்டறை மில்லிங் மெஷினையே (சுழலும் பிட்டால் வெட்டும் பெரிய மெஷின்) ஓட்டும். ஆனால் நிகழ்நேரக் கெர்னல், பேரலல் போர்ட் உள்ள பழைய கணினி அல்லது தனி அட்டை எல்லாம் தேவை. பட்டறையில் கன்ட்ரோலர் செத்துப்போன பெரிய மெஷின் இருந்தால் அந்தப் பக்கம் போங்கள். 3018-க்கு வேண்டாம்.

உப்புக் காற்றும் எர்த்தும்

வட சென்னையில் கடலோரம், ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் வீடு என்றால் முதல் எதிரி துரு. வழுக்கும் கம்பிகளுக்குக் குரோம் பூச்சு இருந்தாலும் வெட்டிய முனைகளில் பூச்சு இருக்காது. அங்கிருந்து செந்தூள் கிளம்பும். வாரம் ஒருமுறை துணியில் மெஷின் ஆயில் தொட்டுத் துடைத்தால் போதும். கிரீஸ் அப்பாதீர்கள், மரத்தூளோடு சேர்ந்து களிம்பாகிவிடும். மழைக்காலத்தில் எம்டிஎஃப் ஈரம் குடித்து உப்பும், அதனால் மெஷின் மேசை மேல் போடும் எம்டிஎஃப் அடிப்பலகையை ஐப்பசி, கார்த்திகை முடிந்ததும் மறுபடி சீவ வேண்டியிருக்கும். தண்ணீர் ஏறும் தெருவாக இருந்தால் மெஷினைத் தரையில் வைக்கவே கூடாது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அப்புறம் எர்த். பழைய வீடுகளில் மூன்று முனை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதித்துவிடுங்கள். இது உயிருக்கு மட்டுமல்ல, வேலைக்கும்தான்: எர்த் இல்லாத இடத்தில் ஸ்பிண்டில் ஓடத் தொடங்கியதும் யுஎஸ்பி தொடர்பு அறுந்துபோவது அடிக்கடி நடக்கும். யுஎஸ்பி கேபிள் குட்டையாக, உறை போட்டதாக இருக்கட்டும். மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம்.

மெஷினைக் கட்டுவது

கையேட்டுப் படத்தைப் பார்த்து மாட்டிவிடலாம். அதில் சொல்லாத மூன்று விஷயங்களில்தான் நேரம் செலவாக வேண்டும்.

முதலாவது மூலை. எக்ஸும் ஒய்யும் சரியாக 90 பாகையில் இல்லை என்றால் சதுரம் சாய்சதுரமாக வரும். சட்டத்தில் மூலைமட்டம் வைத்துத் திருகுகளை இறுக்குங்கள். பின்னால் மெஷின் ஓடத் தொடங்கியதும், கொத்தனார் கயிறு பிடிக்கும் அதே 3-4-5 கணக்கில் சோதியுங்கள்: பூஜ்யத்தில் ஒரு புள்ளி, எக்ஸில் 160, ஒய்யில் 120. குறுக்குக் கோடு 200 இருக்க வேண்டும்.

இரண்டாவது ஸ்பிண்டிலின் நேர்நிலை. கோலெட்டில் ஒரு கம்பியை எல் போல வளைத்து மாட்டி, கீழே காகிதம் வைத்து, மின்சாரம் இல்லாமல் கையால் சுற்றுங்கள். முன், பின், இடம், வலம் நான்கிலும் கம்பி முனை காகிதத்தை ஒரே மாதிரி தொட வேண்டும். ஒரு பக்கம் இறுக்கமாக, எதிர்ப்பக்கம் தளர்வாக இருந்தால், ஸ்பிண்டில் பிடிக்குக் கீழே மெல்லிய தகடு சொருகிச் சரிசெய்யலாம். நான் குளிர்பான டின்னை வெட்டிப் போட்டேன்.

மூன்றாவது ப்ளே. ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி. கையால் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். டக் டக்கென்று அசைந்தால் ப்ளே இருக்கிறது. ஸ்பிரிங் வைத்த இரட்டை நட் அதைக் குறைக்கும். முழுக்கப் போகாது. வட்டம் வெட்டும்போது நான்கு திசையிலும் சின்ன மேடு தெரிந்தால் காரணம் இதுதான்.

எமர்ஜென்சி பட்டன் ஒன்று கட்டாயம். அது கன்ட்ரோலர் பலகையை ரீசெட் செய்தால் மட்டும் போதாது, ஸ்பிண்டிலுக்குப் போகும் மின்சாரத்தையே அறுக்க வேண்டும். இன்னொன்று: மின்சாரம் இருக்கும்போது மோட்டார் வயரைப் பிடுங்காதீர்கள். டிரைவர் அந்த நொடியே போய்விடக்கூடும். எனக்கு இரண்டு போயின.

டிரைவர் ஏ4988 என்றால் அதில் ஒரு சின்னத் திருகு இருக்கும், மோட்டாருக்குப் போகும் கரண்ட்டை வைக்க. மல்டிமீட்டரில் அளக்கும் வோல்ட் = கரண்ட் × 8 × உணர்மின்தடை (டிரைவர் பலகையில் கரண்ட்டை உணரும் சின்ன மின்தடை). மின்தடை 0.1 ஓம், உங்களுக்கு வேண்டியது 1 ஆம்பியர் என்றால் 0.8 வோல்ட். திருகுவதற்கு முன் மின்தடையின் மேலே எழுதியிருப்பதைப் படியுங்கள், 0.05 ஓம் போட்ட பலகைகளும் சந்தையில் உண்டு. அதே திருகில் அங்கே இரண்டு மடங்கு கரண்ட் போய்விடும்.

மெஷினுக்கு உண்மையைச் சொல்வது

ஜி-கோட் சென்டர் மென்பொருளைத் திறந்து, தொடர்பு வேகம் 115200 வைத்து இணையுங்கள். கட்டளைக் கட்டத்தில் $$ என்று தட்டினால் எல்லா அமைப்புகளும் வரிசையாக வரும். (இங்கே கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், நீங்கள் தட்டும்போது ஆங்கில எழுத்துதான்.) வந்ததை அப்படியே ஒரு கோப்பில் போட்டுவையுங்கள். குழப்பிவிட்டால் திரும்பிப் போக ஒரு வழி வேண்டும்.

எல்லாவற்றையும் தொட வேண்டாம். $100, $101, $102 மூன்றும் முக்கியம்: எக்ஸ், ஒய், இசட் அச்சில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துடிப்பு. இதை ஊகிக்கக் கூடாது, கணக்குப் போட வேண்டும். மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி. டிரைவர் ஒவ்வொன்றையும் 16 துண்டாக்கினால் (இதுதான் மைக்ரோஸ்டெப்) 3200. ஸ்க்ரூ ஒரு சுற்றில் 4 மி.மீ. நகர்த்தினால் 3200 ÷ 4 = 800. 3018-இல் பொதுவாக இதுதான். டி8 ஸ்க்ரூவிலேயே சுற்றுக்கு 8 மி.மீ. நகர்த்துவதும் உண்டு, அதற்கு 400. கடையில் ஸ்க்ரூ மாற்றி வாங்கினால் இந்த எண்ணையும் மாற்ற வேண்டும் என்பதை மறந்து, பாதி அளவில் பெயர்ப்பலகை செய்தவர்கள் இருக்கிறார்கள்.

சோதிக்க, ஸ்டீல் ஸ்கேலை மெஷின் மேசையில் ஒட்டி, முதலில் ஒரு திசையில் 10 மி.மீ. நகர்த்துங்கள், ப்ளே எல்லாம் அந்தப் பக்கம் ஒதுங்கிவிடும். பிறகு அதே திசையில் 100 நகர்த்தி அளவெடுங்கள். 99.2 வந்தால் புதிய எண் 800 × 100 ÷ 99.2, அதாவது 806.45. ஆனால் உடனே மாற்றாதீர்கள். ஸ்க்ரூ அவ்வளவு தப்பாக வருவது அரிது. மறுபடி அளங்கள், கப்ளிங் (மோட்டாரையும் ஸ்க்ரூவையும் இணைக்கும் உருளை) திருகு வழுக்குகிறதா பாருங்கள். நூற்றுக்கு இருநூறு, ஐம்பது என்று வந்தால் அது அளவுப் பிழை அல்ல, மைக்ரோஸ்டெப்போ ஸ்க்ரூவோ நீங்கள் நினைத்தது இல்லை.

$110 முதல் $112 வரை உச்ச வேகம், $120 முதல் $122 வரை முடுக்கம். வேகம் 800-இல் தொடங்கி நூறு நூறாக ஏற்றுங்கள். மோட்டார் ஓரிடத்தில் உறுமி நிற்கும். அந்த எண்ணில் முக்கால் பங்குக்கும் கீழே வைத்துக்கொள்ளுங்கள். முடுக்கம் 30 போதும். இதில் பேராசைப்பட்டால் எங்கேயோ நான்கு துடிப்பு நழுவும், உங்களுக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

$30 ஸ்பிண்டிலின் உச்ச எண். இது 10000 என்று இருந்து, உங்கள் கோப்பில் எஸ்1000 என்ற ஸ்பிண்டில் வேகக் கட்டளை இருந்தால் ஸ்பிண்டில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் சுற்றி மரத்தைக் கிழிக்கும். $32 லேசர் நிலை. மில்லிங்குக்கு 0 ஆகவே இருக்க வேண்டும். முன்பு லேசர் மாட்டியிருந்த மெஷினைப் பழையதாக வாங்கினால் முதலில் இதைப் பாருங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு வேக நகர்விலும் ஸ்பிண்டில் அணைந்து அணைந்து எரியும்.

லிமிட் ஸ்விட்ச் (அச்சு ஓரத்தைத் தொட்டதும் சொல்லும் ஸ்விட்ச்) இருந்தால் $22-ஐ 1 ஆக்கி, $ஹெச் கொடுத்து ஹோம் செய்யலாம், அதாவது ஓரத்துக்குப் போய்த் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளச் செய்யலாம். அப்போதுதான் $20 என்ற மென்பொருள் எல்லையும் வேலை செய்யும். ஸ்விட்ச் இல்லாமலும் ஓட்டலாம். அப்படியென்றால் நீங்கள்தான் கண்.

பழகும் வேலை: கேரம் காய்த் தட்டு

எல்லாரும் பெயர்ப்பலகைதான் செய்யச் சொல்வார்கள். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் கேரம் கிளப் இருக்கும்போது எதற்குப் பெயர்ப்பலகை? 19 காய்க்கும் ஒரு ஸ்ட்ரைக்கருக்கும் குழி வெட்டிய தட்டு செய்வோம். அளவு சரியாக இல்லை என்றால் காய் உள்ளே போகாது, அல்லது லொடலொடக்கும். உங்கள் மெஷின் பொய் சொல்கிறதா என்று காயே சொல்லிவிடும்.

போட்டி விதிப்படி காயின் விட்டம் 3.02 முதல் 3.18 செ.மீ., கனம் 7 முதல் 9 மி.மீ. ஸ்ட்ரைக்கரின் விட்டம் 4.13 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஆகவே காய்க்குழி 33 மி.மீ., ஸ்ட்ரைக்கர்குழி 42.5 மி.மீ., ஆழம் 5. ஆட்டம் தொடங்கும்போது நடுவில் அடுக்குவது போலவே 3-4-5-4-3 என்று ஐந்து வரிசை. மையத்துக்கு மையம் 35 மி.மீ. ஐந்து குழி உள்ள வரிசை 173 மி.மீ. வரும். ஐந்து வரிசையும் சேர்ந்து உயரம் ஏறக்குறைய 154. மெஷினுக்குள் அடங்குகிறது. பலகை 12 மி.மீ. ப்ளைவுட், 270-க்கு 175, பிளைவுட் கடையிலேயே அறுத்து வாங்கிவிடுங்கள். வெளி ஓரத்தை மெஷினில் வெட்டும் ஆசை வேண்டாம், எல்லைக்கு மிக அருகில் போகும்.

ஃப்ரீகேடில் பலகையை வரைந்து குழிகளைப் போட்டதும் கேம் பகுதிக்குப் போய் புதிய ஜாப் திறங்கள். ஜி-கோடை மெஷினுக்கு ஏற்றபடி எழுதும் போஸ்ட் பிராசஸராக ஜிஆர்பிஎல்லைத் தேர்ந்தெடுங்கள். பூஜ்யத்தைப் பலகை மேற்பரப்பின் நடு மையத்தில் வையுங்கள். டூல், அதாவது பிட், 3 மி.மீ., ஒரு பல் உள்ள எண்ட்மில் (பக்கவாட்டிலும் வெட்டும் பிட்). வேகத்துக்குக் கணக்கு: சுற்று × பல் × ஒரு பல் சீவும் கனம். 10000 × 1 × 0.05 = நிமிடத்துக்கு 500 மி.மீ. ஒரு பாஸுக்கு 1 மி.மீ. ஆழம், பக்கவாட்டில் டூல் விட்டத்தில் 40 சதவீதம். வேகத்தை உள்ளிடும்போது நிமிடம் என்ற அலகையும் சேர்த்துத் தட்டுங்கள். அந்த மென்பொருள் உள்ளுக்குள் நொடிக்கணக்கில் வைத்திருப்பது. வெறும் 500 என்று விட்டால் சிலசமயம் நொடிக்கு 500 ஆகிவிடும்.

மெதுவாகப் போனால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். பிட் சுற்றிக்கொண்டே நகராமல் தேய்த்தால் மரம் கருகும், அக்ரிலிக் உருகி பிட்டைச் சுற்றி உருண்டையாகும். விழுவது பொடியாக இல்லாமல் சீவலாக இருந்தால் சரியான வேகம்.

சிமுலேஷன் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கோப்பை எழுதச் சொல்லுங்கள். டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து முதல் பத்து வரிகளையாவது படியுங்கள். ஜி21 என்றால் மில்லிமீட்டர். ஜி20 என்று இருந்தால் அங்குலம், ஓட்டவே கூடாது. ஜி90 (எல்லா அளவையும் பூஜ்யத்திலிருந்து எடுக்கும் முறை) இருக்க வேண்டும், முதல் நகர்வில் இசட் மேலே போக வேண்டும். எம்6 என்ற டூல் மாற்றும் வரி இருந்தால் ஜிஆர்பிஎல் பிழை 20 என்று நின்றுவிடும், அந்த வரியை அழித்துவிடலாம்.

பிடிப்பதும் பூஜ்யமும்

"ஜாபை ஒழுங்கா புடிச்சா பாதி வேலை முடிஞ்சிது" என்பார் லேத் அண்ணன். இந்த வேலைக்கு கிளாம்பே வேண்டாம். மெஷின் மேசை மேல் எம்டிஎஃப் அடிப்பலகை போட்டு, அதை மெஷினாலேயே அரை மி.மீ. சீவிச் சமமாக்குங்கள். அதன் மேலும் ப்ளைவுட்டின் அடியிலும் மாஸ்க்கிங் டேப் ஒட்டி, இரண்டு டேப்புக்கும் நடுவே சூப்பர் க்ளூ. ஒரு நிமிடம் அழுத்தினால் அசையாது, முடிந்ததும் டேப்போடு உரிந்து வந்துவிடும். முட்டுவதற்கு மேலே ஒன்றும் இல்லை.

பலகையில் மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டால் வெட்டும் இடம்தான் மையம். பிட்டை அங்கே கொண்டுவாருங்கள். சாதாரணத் தாள் ஒன்றை அடியில் வைத்து, இசட்டை 0.05 ஆக இறக்கிக்கொண்டே தாளை இழுத்துப் பாருங்கள். பிடிக்கத் தொடங்கும்போது தாளின் கனம் 0.1 மி.மீ. மீதி இருக்கிறது. அங்கே ஜி10 எல்20 பி1 எக்ஸ்0 ஒய்0 இசட்0.1 என்று கொடுத்தால் முடிந்தது. புரோப் தகடு (பிட் தொட்டதும் மெஷினுக்குச் சொல்லும் தகடு) வைத்தும் செய்யலாம். கிளிப்பை பிட்டில் மாட்ட மறந்தால் பிட் தகட்டை அழுத்தி உடையும். மாட்டி, கழற்ற மறந்து ஸ்பிண்டிலைப் போட்டால் வயர் சாட்டையாகச் சுழலும்.

முதலில் காற்றில் ஓட்டுங்கள். இசட் பூஜ்யத்தை 10 மி.மீ. மேலே வைத்து முழு வேலையும் வெறுமனே ஓடட்டும், இல்லை முதல் இரண்டு குழியாவது.

நிஜமாக ஓட்டும்போது லுங்கி வேண்டாம், தொங்கும் துப்பட்டா வேண்டாம், கையுறையும் வேண்டாம். சுழலும் பிட் துணியைப் பிடித்தால் கையும் சேர்ந்து போகும். கண்ணாடி போடுங்கள். எம்டிஎஃப் தூளில் பசை இருக்கிறது, என்95 முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள். ஆச்சரியக்குறி அனுப்பினால் மெஷின் நிற்கும், அலைக்குறி அனுப்பினால் தொடரும். விரல் எமர்ஜென்சி பட்டன் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தத் தட்டு முழுவதும் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் பக்கத்து வீட்டுப் பாட்டி தூங்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், நான் அனுபவத்தில் சொல்கிறேன். அதற்காக மெஷினைத் தனியாக ஓடவிட்டுக் கீழே டீ குடிக்கவும் போகக் கூடாது.

குழிகள் வரிசையாக ஒரு பக்கம் சரிந்து வந்தால் நடுவில் துடிப்பு நழுவியிருக்கிறது: வேகத்தைக் குறையுங்கள், கப்ளிங்கை இறுக்குங்கள், டிரைவர் சூட்டைப் பாருங்கள். குழி வட்டமாகவே இருந்து எல்லாம் ஒரே அளவுக்குச் சின்னதாகவோ பெரிதாகவோ வந்தால் பிட்டை வெர்னியரில் அளங்கள். 3 என்று நினைத்தது 3.175 ஆக இருந்தால் குழி பெரிதாகும், தேய்ந்த பிட் என்றால் சிறிதாகும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலோட்டமாகவும் இருந்தால் அடிப்பலகையைச் சீவாமல் விட்டிருக்கிறீர்கள். அலாரம் வந்து பூட்டிக்கொண்டால் $எக்ஸ் திறக்கும், ஆனால் திறந்த பிறகு பூஜ்யத்தை நம்பாதீர்கள், மறுபடி வையுங்கள்.

ஓரங்களை 220 உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து வார்னிஷ் அடித்தால் தட்டு தயார். ஆழம் 5 என்று நான் சொன்னதற்குக் காரணம் உண்டு. முதல் தட்டில் காயின் கனத்துக்குச் சமமாக 8 மி.மீ. இறக்கிவிட்டேன். ஒவ்வொரு காயும் கச்சிதமாக உட்கார்ந்தது, விரலுக்குத்தான் பிடி கிடைக்கவில்லை. எங்கள் தெரு கிளப்பில் பையன்கள் இன்றைக்கும் அந்தத் தட்டைக் கவிழ்த்து, முதுகில் நாலு தட்டு தட்டித்தான் காயை எடுக்கிறார்கள்.